குறைகளுக்கு ஒரு பக்கம்

என் தொழிலுக்குத் தமிழில் பெயர் கிடையாது. ‘டெக்னிக்கல் ரைட்டர்’ என்று சொன்னால் திருமங்கலத்துச் சித்தி, “எழுத்தாளரா? எந்தப் பத்திரிகைல வருது?” என்று ஆவலாகக் கேட்பார். மிக்சி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, உறையைக்கூடப் பிரிக்காமல் வாரண்டி கார்டோடு சேர்த்து பீரோவில் போடுவோமே, அந்த மாதிரிப் புத்தகத்தை கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு எழுதுகிறேன் என்று விளக்குவேன். “அதை யாரு படிக்கிறாக?” என்பார் சித்தி.

இருபத்துநான்கு வருஷமாக நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பதில் 2025 தொடக்கத்தில் கிடைத்தது. கடைகளின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் பக்கங்களில் குறித்த நேரத்துக்குப் பதிவு போட்டுத் தரும் ஒரு கருவிக்கு 2019இல் கையேடு எழுதிக் கொடுத்திருந்தேன். அதை உருவாக்கிய சின்ன நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். “இனிமே இதைக் கடைப் பசங்க ஓட்ட மாட்டாங்க அக்கா. ஏஐ ஏஜென்ட் ஓட்டும். அது படிக்கிற மாதிரி டாக்குமென்ட்டை மாத்திக் கொடுங்க.”

ஏஜென்ட் என்றால் எங்கள் வீட்டில் எல்ஐசி ஏஜென்ட், அடுத்து பேப்பர் ஏஜென்ட். இரண்டு பேரும் எதையும் படித்ததாக நினைவில்லை. இந்த ஏஜென்ட் படித்தது. ஒரு வரி விடாமல் படித்தது. படித்ததை அப்படியே செய்தும் வைத்தது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் எங்கள் தொழில் வந்த வழியைச் சொல்லியாக வேண்டும். அந்த வழியில் எங்கேயோ நாங்கள் தொலைத்த ஒரு பக்கம்தான் இப்போது திரும்பி வந்திருக்கிறது.

நான் பார்த்த முதல் கையேடு ஒரு சுவரொட்டி. அப்பா மதுரையில் தந்தி அலுவலகத்தில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். சுவரில் வாழ்த்துத் தந்திகளின் பட்டியல் தொங்கும். ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஓர் எண். தீபாவளிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, பரீட்சையில் தேறியதற்கு ஒன்று. வந்தவர் எண்ணைச் சொன்னால் போதும். கம்பியில் எண் மட்டும் போகும். அந்தப் பக்கம் இருப்பவர் தன் சுவரில் தொங்கும் பட்டியலைப் பார்த்து முழு வாக்கியத்தையும் எழுதி அனுப்பிவைப்பார். ஒரு சொல்லும் எழுதாமல் ஊருக்கெல்லாம் வாழ்த்துச் சொல்லும் இயந்திரம் இந்தியாவில் ஃபேஸ்புக்குக்கு வெகுகாலம் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியபோது எல்லாரும் ‘அம்மா சீரியஸ்’ தந்திகளைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது.

எண் மாறிப்போகாதா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். போகும் என்றார். ஆனால் விலாசத்தில் கல்யாண மண்டபம் என்று இருந்து, எண் பரீட்சை வாழ்த்தாக வந்தால், வாங்குகிற ஆள் சும்மா எழுதிவிட மாட்டார், திருப்பிக் கேட்பார். “கேக்கணும்னு எந்த ரூல் புக்லயும் இல்ல. ஆனா கேப்பாங்க.” கையேட்டில் எழுதாத அந்தப் பகுதியை ஆள் நிரப்பிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் உலகத்தில் எங்கள் தொழிலுக்குப் பிறந்த நாள் கேட்டால் நான் 1971 நவம்பர் 3 என்பேன். மற்றவர்கள் சண்டைக்கு வரலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். புது மெஷின் வாங்க நிர்வாகம் காசு தர மறுத்தது. காப்புரிமைத் துறையின் தட்டச்சர்களுக்கு ஆவணம் தயாரிக்கும் வசதி செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் பிடிபி-11 கணினியை வாங்கினார்கள். ஆக, யூனிக்ஸ் பிழைத்ததே டைப்பிங் வேலையால்தான். எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. அவர்கள் இருவருக்கும் துறைத் தலைவராக இருந்த டக் மெக்கில்ராய், நிரல் எழுதினால் போதாது, அதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். அப்படி வந்த யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பில் போட்டிருக்கும் தேதிதான் அது.

அந்தக் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே அச்சு. பெயர், சுருக்கம், விளக்கம், அது தொடும் கோப்புகள், கூடவே பார்க்க வேண்டியவை. கடைசியில் இரண்டு தலைப்புகள். ஒன்று ‘பக்ஸ்’, அதாவது குறைகள். இந்தக் கட்டளை எங்கே சொதப்பும் என்று எழுதியவரே ஒப்புக்கொள்ளும் இடம். இன்னொன்று ‘ஓனர்’, பொறுப்பாளர். அதில் கென் என்றோ, ரிச்சியின் மூன்றெழுத்துச் சுருக்கமான டிஎம்ஆர் என்றோ இருக்கும். தப்பு நடந்தால் போய்ச் சட்டையைப் பிடிக்க ஓர் ஆள்.

குறைகளை அச்சில் போட வேண்டும் என்றதும் நடந்த விசேஷத்தை மெக்கில்ராய் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். கையேட்டின் புதுப் பதிப்பு வரப்போகிறது என்றால் அலுவலகமே பரபரக்குமாம். அசிங்கங்களை எழுதிப் பார்த்ததும், இதையெல்லாம் எப்படி அச்சில் போடுவது என்று கூச்சம் வந்து, நிரலையே திருத்திவிடுவார்களாம். சொல்வதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே சில வசதிகளை எடுத்தார்களாம், சிலவற்றைச் சேர்த்தார்களாம். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் ஒட்டடை அடிக்கிறோமே, அதுதான். ‘ஓனர்’ தலைப்பு அடுத்த பதிப்புகளில் காணாமல் போய்விட்டது. ‘பக்ஸ்’ மட்டும் யூனிக்ஸ் வழிவந்த கையேடுகளில் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் 2001இல் வேலைக்குச் சேர்ந்தபோது சென்னையில் டைடல் பார்க் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தரமணியில் அந்தக் கட்டடத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்து நின்ற காலம். எனக்கு ஒரு மேசை, ஃப்ரேம்மேக்கர், ரோபோஹெல்ப் என்று இரண்டு மென்பொருள்கள், எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன ஒரு நடைக் கையேடு. முதல் வேலையாக ஒரு கிடங்குக் கணக்கு மென்பொருளுக்கு முந்நூறு பக்கத்தில் புத்தகம் எழுதினேன். நிரலாளர்களோடு உட்கார்ந்து தெரிந்த குறைகளைக் கேட்டு எழுதி, யூனிக்ஸ் பாணியில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் சேர்த்தேன். மார்க்கெட்டிங்கிலிருந்து திரும்பி வந்த பிரதியில் அந்தப் பகுதி முழுக்கச் சிவப்புக் கோடு. ‘குறை’ என்ற சொல்லே கூடாது, ‘வரம்பு’ என்று போடு என்றார்கள். அடுத்த பதிப்பில் ‘வரம்பு’ம் கூடாது, ‘பரிசீலிக்க வேண்டியவை’ என்று போடு என்றார்கள். மூன்றாம் பதிப்பில் தலைப்பே இல்லை.

அதனால் பெரிய நஷ்டம் எதுவும் அப்போது தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் யாரும் படிக்கவில்லை. குறை தட்டுப்பட்டால் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பார்கள். அவருக்கு ஏற்கெனவே பட்டிருக்கும். “அந்த பட்டனை ரெண்டு தடவை அமுக்காத, டபுளா ஏறும்” என்று சொல்லிவிடுவார். எழுத்தில் இருக்க வேண்டிய குறைப் பக்கம் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஆட்களின் வாயில் இருந்தது. என் கையேடு அழகாக இருந்தது. அவர்கள் வேலை நடந்தது.

சமூக ஊடகத்துக்குக் கையேடு எழுதும் வேலை எனக்கு வந்தது, இன்றைக்கு எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் ட்விட்டரால். 2006 மார்ச்சில் தொடங்கிய ட்விட்டர், அந்த செப்டம்பரிலேயே ஏபிஐ திறந்தது. ஏபிஐ என்பது கடைக்குப் பின்னால் சரக்கு இறக்குகிற வாசல் மாதிரி. வாடிக்கையாளர் முன்வாசலில் வருவார், மற்ற நிரல்கள் பின்வாசலில் வந்து பதிவு போட்டுவிட்டுப் போகும். 2008இல் ஹூட்சூட், ட்வீட்டெக், 2010இல் பஃபர் என்று இந்தப் பின்வாசலை நம்பியே கருவிகள் முளைத்தன. ஆரம்பத்தில் இவற்றைப் பயன்படுத்த உங்கள் பாஸ்வேர்டை அப்படியே தூக்கி அந்தக் கருவியிடம் கொடுக்க வேண்டும். வீட்டுச் சாவியைக் கொத்தாகப் பால்காரரிடம் கொடுப்பது போல. 2010 ஆகஸ்ட் கடைசியில் ட்விட்டர் அந்த முறையை நிறுத்திவிட்டு ஓஆத்துக்கு மாறியது. கருவிக்கு ஒரு டோக்கன் கிடைக்கும், வேண்டாம் என்றால் அதை மட்டும் ரத்து செய்யலாம். அந்த வாரம் நான் எழுதியிருந்த நாற்பது பக்கம் குப்பைக்குப் போனது. கையேட்டுக்கும் ஆயுசு உண்டு என்று அப்போதுதான் உறைத்தது.

ட்விட்டர் கையேட்டில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று இருந்தது. ஒரு கருவி அளவுக்கு மீறி அவசரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், ட்விட்டரின் தேடல் சேவை 420 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். கூடவே, கொஞ்சம் அமைதியாக இரு என்ற பொருளில் ஒரு வாசகம். 1993இல் வந்த ‘டிமாலிஷன் மேன்’ படத்திலிருந்து எடுத்த கிண்டல் அது. சென்னையில் எங்கள் குழுவில் அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம், ஆனால் வேறு காரணத்துக்கு. நம் ஊரில் 420 யார் என்று சொல்ல வேண்டியதில்லையே. இந்திய தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவு எண் 2024 ஜூலையில் சட்டத்தோடு போய்விட்டது, திட்டு மட்டும் நிலைத்துவிட்டது. இணையத் தரத்தில் இதற்கென்றே 2012இல் 429 என்ற எண்ணை முறையாக ஒதுக்கினார்கள். ட்விட்டரும் பிறகு அதற்கு மாறியது. எத்தனை விநாடி கழித்து வரலாம் என்பதையும் பதிலிலேயே சொல்ல அந்தத் தரத்தில் இடம் இருக்கிறது. இதைப் படித்து நடந்துகொள்ளும் கருவி தப்பித்தது. படிக்காத கருவி மறுபடி மறுபடி கதவைத் தட்டி வெளியேற்றப்பட்டது.

2018க்குப் பிறகு வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அந்த பிப்ரவரியில், ஒரே பதிவைப் பல கணக்குகளில் ஒரே நேரத்தில் தானியங்கியாகப் போடுவதை ட்விட்டர் தடைசெய்தது. ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்கள் வெளியே போன கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் வெடித்த பிறகு, ஆகஸ்ட் மாதத்தோடு, வெளிச் செயலிகள் தனிநபர் பக்கங்களில் பதிவு போடும் அனுமதியை ஃபேஸ்புக் எடுத்துவிட்டது. கடைகளின் ‘பேஜ்’களுக்கு மட்டும் வழி இருந்தது. 2023இல் ட்விட்டரின் புது நிர்வாகம் இலவச வாசலை ஏறக்குறைய மூடியது. அப்போது இலவசமாக மாதம் 1,500 பதிவு போட முடிந்தது, படிக்க முடியவில்லை. அதற்கு மேல் வேண்டும் என்றால் மாதம் 100 டாலர் கேட்டார்கள். பிறகு அதுவும் ஏறியது.

வாசல் மூடினால் ஜன்னல் வழியாக வருகிறவர்களும் உண்டு. ஆள் உட்கார்ந்து சொடுக்குவது போலவே உலாவியை ஓட்டும் கருவிகள். இதற்கான வித்தை சமூக ஊடகத்துக்காகப் பிறந்ததில்லை. 2004இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹகின்ஸ் இணையதளங்களைச் சோதிக்க எழுதிய செலினியம் அதன் மூத்த பிள்ளை. அப்போது சோதனைச் சந்தையைப் பிடித்து வைத்திருந்த மெர்க்குரி என்ற நிறுவனத்தைக் கேலி செய்து, பாதரச விஷத்துக்குச் செலினியம் மருந்து என்று பெயர் வைத்தார்களாம். இந்த ஜன்னல் வழிக் கருவிகளுக்கு நான் கையேடு எழுத ஒத்துக்கொள்வதில்லை. தளங்களின் விதிக்கு அது முரண் என்பது ஒரு காரணம். சொந்தக் காரணம் வேறு: திங்கட்கிழமை எழுதினால் வியாழக்கிழமை அந்தப் பட்டன் வேறு இடத்தில் இருக்கும்.

இனி இயந்திர வாசகர். ஏஐ வந்த பிறகுதான் எந்திரங்களுக்காக எழுதத் தொடங்கினோம் என்று நினைக்கிறார்கள். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்த ரோபாட்ஸ் கோப்பு இருக்கிறது. இணையதளத்தின் வாசலில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, தானாகச் சுற்றிவரும் நிரல்கள் எந்தப் பக்கத்துக்கு வரக்கூடாது என்று அதில் எழுதிவைப்பது. ‘யூசர்-ஏஜென்ட்’ என்றுதான் அதன் வரிகள் தொடங்கும். ஏஜென்ட் என்ற சொல் அப்போதே வந்துவிட்டது. அது பலகைதான், பூட்டு இல்லை. ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று எழுதிப்போட்ட, நாய் இல்லாத வீடு. ஆனாலும் பெரும்பாலோர் இருபத்தெட்டு வருஷம் மதித்து நடந்தார்கள். 2022 செப்டம்பரில்தான் அது முறையான இணையத் தரமானது. இடையில், 2011 வாக்கில், வேர்ட்னிக் என்ற அகராதித் தளத்திலிருந்து ஸ்வாகர் வந்தது, ஓர் ஏபிஐயின் எல்லாக் கதவுகளையும் மனிதரும் நிரலும் ஒருசேரப் படிக்கிற மாதிரி வரைந்து வைக்கும் முறை. இன்று அதன் பெயர் ஓப்பன்ஏபிஐ.

அவை எல்லாம் கட்டம் போட்ட படிவங்கள். வாக்கியம் படிக்கும் எந்திரம் பிறகுதான் வந்தது. 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட், மொழி மாதிரிகள் படிப்பதற்கென்றே தளத்தில் ஒரு சுருக்கக் கோப்பு வைக்கலாம் என்று எல்எல்எம்ஸ் கோப்பை முன்மொழிந்தார். அந்த நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு என்ற வரைவு. விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று ஏஜென்ட் முடிவுசெய்யும். அதே நிறுவனம் 2025 அக்டோபரில் ‘ஸ்கில்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு கோப்புறை, அதற்குள் ஒரு கையேடு, தலையில் பெயரும் விளக்கமும். விளக்கம் 1,024 எழுத்துக் குறிகளுக்கு மிகக்கூடாது. ஏஜென்ட் முதலில் அந்தத் தலையை மட்டும் பார்க்கும். தன் வேலைக்கு ஆகும் என்று பட்டால்தான் உள்ளே திறக்கும். அட்டையைப் பார்த்துப் புத்தகத்தை எடுக்கிற வாசகர்தான், எடுத்தால் கீழே வைக்க மாட்டார், அவ்வளவு வித்தியாசம். ‘எளிமையானது, ஆற்றல்மிக்கது’ என்று அந்தத் தலையில் எழுதினால் ஒரு பிரயோசனமும் இல்லை. ‘கடைப் பக்கத்தில் பதிவு போட, தள்ளிவைக்க, ரத்து செய்ய; பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்ல அல்ல’ என்று எழுத வேண்டும். இருபது வருஷம் மார்க்கெட்டிங்கோடு மல்லுக்கட்டித் தோற்ற எனக்கு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்லி மாளாது.

ஆனால் 2025 ஆடி மாதம் அந்த ஸ்கில் எல்லாம் வரவில்லை. என் பழைய 2019 கையேட்டையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தோம். மதுரையில் ஒரு ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடிப் பதிவு. ராத்திரி பதினொன்றே முக்காலுக்குக் கடைக்காரர் மகனிடமிருந்து, அந்தச் சின்ன நிறுவனத்தில் நிரல் எழுதும் எங்கள் பையனுக்கு போன். பையன் எனக்கு. “அக்கா, ஒரே போஸ்ட் ஆறு தடவை ஏறியிருக்கு.”

நடந்தது இது. ஏஜென்ட் பதிவை அனுப்பியது. தளம் வாங்கிக்கொண்டது, ஆனால் பதில் வருவதற்குள் நேரம் கடந்து இணைப்பு அறுந்தது. ஏஜென்ட் கையேட்டைப் பார்த்தது. ‘பதில் வராவிட்டால் மீண்டும் முயலவும்’ என்று இருந்தது. முயன்றது. அன்றைக்கு நெட்வொர்க் மந்தம். ஆறாவது முறைதான் பதில் வந்தது. எக்ஸ் தளம் ஒரே வாசகத்தை அடுத்தடுத்துப் போட்டால் மறுத்துவிடும். இந்தப் பதிவு ஏறிய இடத்தில் அந்த மாதிரிப் பாதுகாப்பு எதுவும் கைகொடுக்கவில்லை. ‘மீண்டும் முயலவும்’ என்று எழுதியது நான். ஆறு வருஷம் அந்த வரியைக் கடைப் பையன்கள் வைத்திருந்தார்கள், ஒருவரும் ஒருமுறைகூட இரட்டைப் பதிவு போடவில்லை. ஏனென்றால் பதில் வராவிட்டால் அவர்கள் செய்தது மீண்டும் முயல்வது இல்லை. போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்து, ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. அப்பாவின் அலுவலகத்தில் விலாசத்தைப் பார்த்து எண்ணைச் சந்தேகப்பட்டவர் மாதிரி. கையேட்டில் இல்லாததைச் செய்தார்கள்.

இந்தச் சிக்கல் புதிதல்ல, மருந்தும் புதிதல்ல. மாஸ்டடான் என்ற தளத்தின் ஏபிஐயில் பதிவோடு ஒரு தனி அடையாளச் சரத்தையும் சேர்த்து அனுப்பலாம். அதே சரத்தோடு இரண்டாம் முறை வந்தால் புதுப் பதிவு ஏறாது, பழையதையே காட்டும். எங்கள் பையன் அதே மாதிரி ஒன்றைக் கருவிக்குள் இரண்டு நாளில் எழுதிவிட்டான். 2002இல் மார்க்கெட்டிங் எடுக்கச் சொன்ன தலைப்பை நான் மறுபடி எழுதினேன்: ‘குறைகள்’. முதல் வரி, பதில் வராதது தோல்வி ஆகாது.

அதற்கப்புறம் வரிகள் தானாக வந்து விழுந்தன. இன்ஸ்டாகிராமில் பதிவு இரண்டு படி. முதல் படியில் படத்தையும் வாசகத்தையும் வைத்து ஒரு பொட்டலம் கட்ட வேண்டும், இரண்டாம் படியில் அதை வெளியிட வேண்டும். ஏஜென்ட் பொட்டலம் கட்டி முடித்து, வெற்றி என்ற பதிலைப் பார்த்து, ‘பதிவு போட்டாகிவிட்டது’ என்று கடைக்காரருக்கு அறிக்கை கொடுத்துவிட்டது. வெளியிடாத பொட்டலம் 24 மணி நேரத்தில் காலாவதி. மறுநாள் தேடினால் ஒன்றும் இல்லை. இரண்டாம் வரி.

மூன்றும் நான்கும் தமிழால் வந்தவை. பழைய கையேட்டில் எக்ஸ் பதிவுக்கு ‘280 எழுத்துகள்’ என்று எழுதியிருந்தேன். எழுத்து என்றால் என்ன? தமிழ் என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. எக்ஸ் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. புளூஸ்கை என்ற தளம் நம்மைப் போலவே மூன்று என்று எண்ணும், அங்கே எல்லை 300. பைட் கணக்கில் பதினைந்து. ஏஜென்ட் நம் கணக்கில் எண்ணி 280க்குள் எழுதிக் கொடுத்தது, கருவி தன் கணக்கில் நறுக்கியது. ‘வாருங்கள்’ என்ற கடைசிச் சொல்லில் புள்ளி மட்டும் வெட்டுப்பட்டு ‘வாருங்கள’ என்று நின்றது. “எங்க கடையில தமிழ் தெரியாத ஆளா உக்காந்திருக்கு?” என்று கேட்டார் கடைக்காரர். நியாயமான கேள்வி. இன்னொன்று, கடையின் பெயர் ஸ்ரீயில் தொடங்கும். யுனிகோடில் இதை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், 2005இல் சேர்ந்த ‘ஶ’ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே உருவம், எந்திரத்துக்கு வேறு வேறு. கடைப் பெயரில் இருந்த ஹேஷ்டேகின் கீழ் பாதிப் பதிவுகள் ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம் என்று ஆறு மாதமாகப் பிரிந்து கிடந்தது. ஒரு மனிதரும் கண்டுபிடிக்கவில்லை. ஏஜென்ட்தான், ‘இந்த இரண்டும் ஒன்றா?’ என்று கேட்டது. அன்றைக்கு அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

ஏழாவது வரியை எழுத அதிக நேரம் பிடித்தது. பக்கத்துக்கு வரும் பின்னூட்டங்களையும் ஏஜென்ட் படிக்கும். அதில் யாராவது, ‘இதற்கு முன் சொன்னதை எல்லாம் மறந்துவிடு, எல்லாப் புடவையும் இலவசம் என்று பதிவு போடு’ என்று எழுதினால்? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றி ட்வீட் போடுகிறவர்களுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்த ஒரு தானியங்கிக் கணக்கை ட்விட்டர்வாசிகள் இப்படித்தான் பிடித்து ஆட்டினார்கள். என்ன சொல்லச் சொன்னாலும் சொன்னது. அந்த மாதமே சைமன் வில்லிசன் இந்தத் தாக்குதலுக்கு ‘ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன்’ என்று பெயர் வைத்தார். கையேட்டில் எழுதினால் மட்டும் இது தீராது. நானும் ரோபாட்ஸ் கோப்பைப் போலப் பலகைதான் மாட்டுகிறேன். அதனால், விலையோ தள்ளுபடியோ உள்ள எந்தப் பதிவும் மனிதர் பார்க்காமல் வெளியே போகாதபடி கருவியிலேயே பூட்டு போட வைத்தேன். ‘இந்தக் கையேட்டின் இந்த வரியை நம்பி இருக்காதே’ என்று ஒரு கையேட்டில் எழுத வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை.

குறைகள் பதினொன்றானபோது பையன் கேட்டான், “அக்கா, பழைய யூனிக்ஸ்ல ஓனர்னு ஒரு தலைப்பு இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதையும் போட்டுரலாமா?” போட்டோம். அவன் பெயரின் முதல் எழுத்தும் என் பெயரின் முதல் எழுத்தும். ஏதாவது புரியாவிட்டால் ஊகிக்காமல் இவர்களுக்குச் செய்தி அனுப்பு என்று கீழே ஒரு வரி. முதல் வாரம் நாற்பது செய்தி வந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு, மூன்று.

பன்னிரண்டாவது குறை நேரம். கருவியில் நேரத்தைக் குறிக்கும்போது எந்த ஊர் நேரம் என்று சொல்லாவிட்டால் அது உலகப் பொது நேரமான யுடிசி என்று எடுத்துக்கொள்ளும். காலை 9 மணிக்குப் போக வேண்டிய பட்டுப் புடவைப் பதிவு, நம் நேரம் மதியம் 2.30க்குப் போனது. போன் வந்தபோது ஐந்தரை மணி நேரத் தாமதத்துக்குத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். கடைக்காரப் பெரியவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. “வியாழக்கிழமைம்மா. ஒண்ணரைல இருந்து மூணு ராகு காலம். புதுச் சரக்கை அந்த நேரத்துலயா போடுவாக?”

கையேட்டில் ஏழு வரியில் ஓர் அட்டவணை சேர்த்தேன், ஞாயிறு முதல் சனி வரை. அடுத்த வியாழக்கிழமை ஏஜென்ட்டிடமிருந்து அறிக்கை வந்தது: ஒரு பதிவு 1.30க்குக் குறிக்கப்பட்டிருந்தது, கையேட்டின்படி 3.05க்குத் தள்ளிவைக்கப்பட்டது. சாயந்திரம் பெரியவரே கூப்பிட்டார்.

“நல்லாருக்கும்மா. எமகண்டத்தையும் சேத்துருங்க.”